டாக்டருக்கென்று கொண்டுபோன கஞ்சி

போன மாதம், கல்கத்தாவில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் ஒரு புது இயந்திரத்தைக் காட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த ஈஸ்ட்டைக் கரைத்து, ஒரு சின்ன அட்டைக்குள் செலுத்தி, அட்டையை இயந்திரத்துக்குள் தள்ளினால் போதும். அதன் பெயர், குலம், கோத்திரம், எந்த மருந்துக்கு அது சாகும் என்பது எல்லாம் திரையில் வந்துவிடும். வேலைக்காலம் முழுவதும் இதே காரியத்தைத்தான் நானும் செய்தேன். இயந்திரத்தைவிட மெதுவாகச் செய்தேன். ஆனால் அதைவிட அதிகமாகப் பேசினேன்.

இயந்திரத்தை இயக்கிக் காட்டிய பெண்ணுக்கு என் பேத்தி வயது. "காக்கு, உங்க காலத்துல இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று வங்காள வழக்கப்படி சித்தப்பா முறை வைத்துக் கேட்டாள். கஞ்சியில் என்றேன். அவள் முகத்தில் ஒரு கனிவு வந்தது. வயதானவர்கள் சம்பந்தமில்லாமல் பேசும்போது படித்த பிள்ளைகளுக்கு வருகிற கனிவு. உடனே எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து விளக்குகிற விஷயமில்லை என்பதால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டாக்டராக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். என் மதிப்பெண்கள் ஆசைப்படவில்லை. தாவரவியலில் பட்டம் வாங்கி, கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அப்பாவின் சிபாரிசில் ஆய்வகப் பயிற்சியில் சேர்ந்தேன். முதல் வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினேன். இரண்டாவது வருடம் அடுத்தவன் கழுவியதைக் குறை சொன்னேன். பயிற்சி முடிந்தது.

அறுபதுகளின் கடைசியில் பூஞ்சைப் பிரிவில் போட்டார்கள். மற்றப் பிரிவுகளில் காலரா, காசநோய், டைபாய்டு என்று மரியாதைக்குரிய கிருமிகள் இருந்தன. எனக்குக் கிடைத்தது கேண்டிடா. மாவைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். நம் எல்லோர் வாயிலும் வயிற்றிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். வாடகை கொடுக்காத குடித்தனக்காரன். ஆனால் சண்டைக்கும் வரமாட்டான். அக்கம்பக்கத்துக் கிருமிகள் அவனை அடக்கி வைத்திருக்கும். ஏதாவது காய்ச்சலுக்கு டெட்ராசைக்ளினைத் தின்று அக்கம்பக்கத்தைக் கொன்றுவிட்டால், மொத்த வீடும் அவனுக்கு. சர்க்கரை நோயாளியின் உடம்பு அவனுக்குக் கல்யாண வீடு. கைக்குழந்தையின் நாக்கில் தயிர் ஒட்டினாற்போல வெள்ளையாகப் படர்வதும், கர்ப்பிணிகளுக்கு அரிப்போடு வெள்ளைப்படுவதும், எப்போதும் ஈரமாக இருக்கும் விரலிடுக்கு வெந்துபோவதும் இவன் வேலைதான்.

அன்று வைத்தியமும் சுலபம். ஜென்ஷியன் வயலட் என்ற ஊதா மருந்தைத் தடவுவோம். குழந்தைகள் வார்டில் நாவற்பழம் தின்ற வாயோடு வரிசையாக அழுதுகொண்டிருக்கும். வசதி இருந்தால் நிஸ்டாடின் களிம்பும் மாத்திரையும். பிறகு எழுபதுகளின் நடுவில் க்ளோட்ரிமசோல் வந்தது. எண்பதுகளில் விழுங்குகிற மாத்திரை வந்தது. என் சட்டைகளின் ஊதாக் கறை மட்டும் போகவில்லை.

பிரிவின் தலைவர் டாக்டர் லாஹிரி. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக என்னை "மணி" என்பார். ஏதாவது தப்பு நடந்தால் "மணிபாபு". "சமோத்கார், மணிபாபு" என்றால், அதாவது 'அற்புதம்' என்று சொன்னால், அன்று மத்தியானச் சாப்பாடு இறங்காது. ஐப்பசி பிறந்ததும் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொள்வார். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது அதை நெற்றிக்கு மேலே ஏற்றிக்கொண்டு, ஒரு கண்ணை மூடாமலே மற்றதால் பார்ப்பார். பார்க்கும்போது முணுமுணுவென்று ஏதோ ராகம் வரும். ராகம் நின்றால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

கேண்டிடாவில் பல வகை உண்டு. மனித உடம்பைப் படுத்துகிறவன் பெரும்பாலும் ஆல்பிகன்ஸ். மற்றவை பெரும்பாலும் காற்றோடும் தண்ணீரோடும் வந்துபோகிற வழிப்போக்கர்கள். ஆல்பிகன்ஸை அடையாளம் காண டாக்டர் லாஹிரி நம்பியது ஒரே ஒரு சோதனை. சத்தில்லாத உணவில் வளர்த்து, மேலே கண்ணாடிச் சில்லை மூடி, காற்றுப் புகாமல் வைத்தால் ஆல்பிகன்ஸ் மட்டும் நூல் நுனிகளில் உருண்டையான, கெட்டி ஓடுள்ள வித்துகளை வைக்கும். இதற்கென்று மக்காச்சோள மாவுப் பொடி வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஏதோ இறக்குமதித் தகராறில் அது நின்றுபோனது. அரிசி வடித்த தண்ணீரும் போதும் என்றார் லாஹிரி. ஸ்டோரில் கேட்டேன். அரிசி என்பது சமையல்கட்டுப் பொருள், ஆய்வகத்துக்குத் தர விதியில்லை என்றார்கள். எனக்கே அந்த விதி தெரியும். எல்லா விதியும் எனக்குத் தெரியும்; அதனால் எதுவும் நடக்காது.

"உங்க ஊர்க்காரங்க வீட்டுல தினமும் கஞ்சி வடிப்பீங்களே மணி," என்றார் லாஹிரி. "நீர்க்க, தெளிவா, உப்புப் போடாம கொஞ்சம் கொண்டு வா."

இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. சீழில் வளர்ந்த பூஞ்சைக்குத் தீனி போடக் கஞ்சி வேண்டும் என்று வீட்டில் சொன்னால், அந்தப் பாத்திரம் அன்றோடு தெருவுக்குப் போகும். நானும் பின்னாலேயே போகலாம். ஆகவே என் மனைவி ஜயாவிடம், எங்கள் டாக்டருக்கு வயிறு சரியில்லை, கஞ்சி நீர்க்க வேண்டும், உப்பு கூடாது என்று சொன்னேன். கல்கத்தாவில் இதை யாரும் மறுபேச்சில்லாமல் நம்புவார்கள். பாதி ஊர் வயிற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கும். உண்மையில் லாஹிரி தினமும் சாயங்காலம் எண்ணெய் சொட்டும் கத்தரிக்காய் பெகுனியும் உருளைக்கிழங்கு ஆலுசாப்பும் தின்று ஜீரணிக்கிறவர்.

ஜயா பச்சரிசியைக் களைந்து கஞ்சி காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றித் தந்தாள். நான் கரியாஹாட்டில் டிராம் ஏறி, ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பஞ்சில் வடிகட்டி, உறைவதற்கு அகர் சேர்த்து, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கொப்பரையில் வேகவைத்து, பிளேட்டுகளில் ஊற்றினேன். எங்கள் ஆய்வகத்தில் வளர்த்துவந்த பழைய ஆல்பிகன்ஸை முதலில் போட்டுப் பார்த்தோம். கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் வித்துகள் முத்துக் கோத்தாற்போல வந்திருந்தன. லாஹிரியின் ராகம் நின்றது. அன்று அவர் "சமோத்கார்" சொல்லவில்லை என்பதிலிருந்து திருப்தி என்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு ஃபிளாஸ்க் என்று ஏற்பாடானது.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஹரிபதா வந்தார்.

கரியாஹாட் பக்கத்துச் சந்தொன்றில் இருந்த இனிப்புக் கடையில் தலைமைக் காரிகர், அதாவது கைத்தொழில் தெரிந்த ஆள். ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான மனிதர். வலது கையைச் சால்வைக்குள் வைத்தபடியே பேசினார். வெளியே எடுக்கச் சொன்னபோது, சபையில் வேட்டி அவிழ்ந்தவர் போலக் கூசினார். ஐந்து விரல்களிலும் நகத்தைச் சுற்றிச் சதை தலையணைபோல் உப்பிச் சிவந்திருந்தது. நகங்களின் ஓரம் பழுப்பேறிக் கரடுமுரடாக இருந்தது. நகக்கண்ணை அழுத்தினால் கடுகளவு சீழ் வந்தது. நம் ஊரில் நகச்சுற்று என்று சொல்லி விரலில் எலுமிச்சம்பழத்தைச் சொருகுவோம். ஐந்து எலுமிச்சம்பழம் சொருகிக்கொண்டு யாரும் தொழில் பண்ண முடியாது.

அவர் தொழில் சானா பிசைவது. திரிந்த பாலைத் துணியில் வடித்து, அந்த ஈரத்தைப் பலகையில் போட்டு, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து வெண்ணெய்போல் ஆக்கவேண்டும். விடிந்ததிலிருந்து கை புளித்த தண்ணீரில். பேட்டை டாக்டர் டெட்ராசைக்ளின் எழுதித் தந்தார். வீக்கம் இன்னும் கூடியது. கடைக்காரர் அதைக் குஷ்டம் என்று முடிவுகட்டி, வாடிக்கையாளர் கண்ணில் படாதே என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதுவும் நொலேன்குடு, அதாவது புதுப் பேரீச்சை வெல்லம், வருகிற பருவத்தில். காரிகருக்கு வருஷமே அந்தச் சில மாதங்கள்தான். குஷ்டம் இல்லை என்று தோல் பிரிவில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அறுவைப் பிரிவில், சீழ் நகத்துக்கு அடியில் போய்விட்டது, வலது கை நகங்களை எடுத்துவிடலாம் என்று இரண்டு வாரம் தள்ளி நாள் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஈஸ்ட் ஏதாவது இருக்கிறதா என்று சம்பிரதாயத்துக்கு எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

"நகம் திரும்ப முளைக்குமா, பாபு?" என்று கேட்டார்.

முளைக்கும், சில சமயம் கோணலாக முளைக்கும் என்று உண்மையைச் சொன்னேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று முன்பே சொன்னேனே.

"பிசையறது உள்ளங்கை. பிசைஞ்சது போதும்னு சொல்றது நகக்கண்ணு," என்றார் அவர். "அது போச்சுன்னா நான் கடையில் பாத்திரம்தான் கழுவணும். அதுவும் தண்ணீர் வேலைதான்."

நகக்கண்ணைத் துடைத்து, வளைந்த ஊசியால் சதையை மெல்லத் தூக்கி, அடியிலிருந்து துளி சீழ் எடுத்தேன். பாதியை ஸ்லைடில் வைத்துப் பொட்டாஷ் கரைசல் விட்டு, சுடரில் காட்டிப் பார்த்தேன்: மொட்டுவிட்ட ஈஸ்ட் அணுக்கள் தெரிந்தன. மீதியை வளர்வதற்காகப் பிளேட்டில் கோடாக இழுத்துவிட்டேன். வெள்ளையாக, பாலாடைத் துளிகள்போல வளர்ந்தது. லாஹிரியிடம் கொண்டுபோனேன்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாள் முழுக்கப் புளித்த பால்தண்ணீரில் கை வைத்திருக்கிறவன் நகத்தில் ஈஸ்ட் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். இது நோயா, கடையிலிருந்து கூடவே வந்த வழிப்போக்கனா? ஆல்பிகன்ஸ் என்றால் நோய். நகத்தில் கத்தி வைக்கவேண்டாம், மருந்து தடவினால் போதும். வேறு ஏதாவது என்றால் அறுவைப் பிரிவு தன் வேலையைப் பார்க்கட்டும். கஞ்சி பிளேட்டில் போடு.

போட்டேன். கண்ணாடிச் சில்லை மூடினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ஈஸ்ட் கும்பல்கும்பலாக, கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. வித்து ஒன்றுகூட இல்லை. மறுநாளும் பார்த்தேன். இன்னும் கொழுத்திருந்தது. 'ஆல்பிகன்ஸ் இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி லாஹிரியின் மேஜையில் வைத்தேன். என் கையெழுத்து அப்போது ஆஸ்பத்திரி முழுக்கப் பிரசித்தம்.

அவர் பிளேட்டை வாங்கிக் குல்லாயை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ராகம் நிற்கவேயில்லை. பிறகு நிமிர்ந்தார்.

"நம்ம பழைய ஆளைப் பக்கத்துல போட்டீங்களா, மணிபாபு?"

மணிபாபு. ஒவ்வொரு தடவை புதிதாகக் காய்ச்சிய கஞ்சியிலும் தெரிந்த ஆல்பிகன்ஸை ஒரு பிளேட்டில் போட்டுச் சரிபார்க்கவேண்டும் என்பது நடைமுறை. அந்த நடைமுறையை இளையவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்ததே நான்தான். முதல் தடவை சரியாக வந்ததால், அரிசி அரிசிதானே, ஜயா ஜயாதானே என்று விட்டிருந்தேன்.

"சமோத்கார்," என்றார் லாஹிரி. "கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி வளர்ந்திருக்கான். நல்லாச் சாப்பிடறவன் எதுக்கு வித்து வச்சுச் சேமிப்பான்? பட்டினி போட்டாத்தான் குணம் தெரியும். நீங்க என்ன போட்டீங்க அவனுக்கு?"

கஞ்சி என்றேன். பழைய ஆளைப் போட்டுப் பார்த்தேன். அவனும் கொழுத்தான், அவனும் வித்து வைக்கவில்லை. கோளாறு ஹரிபதாவின் விரலில் இல்லை, என் பிளேட்டில். அறுவைக்கு இன்னும் நான்கைந்து நாள்தான். லாஹிரி அறுவைப் பிரிவுக்குப் போய், முடிவு வரும்வரை நிறுத்திவைக்கச் சொன்னார். அவர்கள் சிரித்தார்களாம். ஈஸ்ட்டுக்காக யாராவது கத்தியைக் கீழே வைப்பார்களா. குறித்த நாள் வரை பார்க்கிறோம், அதற்குமேல் இல்லை என்றார்களாம்.

வீட்டுக்குப் போனேன். சாப்பிட உட்கார்ந்ததும் ஜயாவே கேட்டாள்.

"உங்க டாக்டருக்கு வயிறு தேவலையா?"

அதே கஞ்சிதானே தருகிறாய், வேறு மாற்றம் ஒன்றுமில்லையே என்று பொதுவாகக் கேட்டேன்.

"மொதல்ல நீங்க சொன்ன மாதிரிதான் தந்தேன். அப்புறம் பாவமா இருந்துச்சு. அவ்ளோ பெரிய மனுஷருக்கு வெறும் தண்ணியைக் குடுத்தனுப்பினா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? நல்லாக் குழைய வேகவிட்டு, வெந்த சாதத்தையும் கொஞ்சம் மசிச்சு விட்டேன். ரெண்டு கரண்டி சர்க்கரை."

"சர்க்கரையா?"

"உப்புத்தானே கூடாதுன்னீங்க?"

அவள் சொன்னதில் தர்க்கப்பிழை எதுவும் இல்லை. நான் உப்பை மட்டும்தான் தடுத்திருந்தேன். விருந்தாளியை வெறுந்தண்ணீரோடு அனுப்பாத வீட்டிலிருந்து, பட்டினி போடவேண்டிய பூஞ்சைக்கு வாரா வாரம் பாயசம் போயிருக்கிறது. அது பஞ்சில் வடியச் சண்டித்தனம் பண்ணியதும், ஆட்டோகிளேவிலிருந்து இளம்பழுப்பாக வந்ததும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. புது அரிசி போலிருக்கிறது என்று எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரின் வயிறு இரும்பு என்பதை, கஞ்சி எங்கே போகிறது என்பதை, அதில் என்ன வளர்கிறது என்பதை. ஜயா ஃபிளாஸ்கை எடுத்துக் கொல்லைக் குழாயடியில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து, கை துடைத்தபடி கேட்டாள்.

"அந்த ஆளு நகத்தை எடுத்துட்டாங்களா?"

இன்னும் இல்லை என்றேன்.

மறுநாள் காலையில் ஒரு பழைய அலுமினியத் தூக்கில் கஞ்சி தயாராக இருந்தது. இதற்கென்றே ஒதுக்கிய தூக்கு; அது இனிமேல் சமையலறைக்குள் வராது என்று தனியாகச் சொல்லப்பட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தூக்கின் அடி தெரிந்தது.

"இதுல அரிசியும் தண்ணியும்தான் இருக்கு," என்றாள் ஜயா. "மனசு வைக்கலை."

அந்தத் தடவை பழைய ஆளையும் ஹரிபதாவின் ஈஸ்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். அறுவைக்கு முதல் நாள் காலையில் லாஹிரி தாமே வந்து உட்கார்ந்தார். பழைய ஆளின் பிளேட்டை முதலில் பார்த்தார், வித்து இருந்தது. அடுத்ததை வைத்தார். ராகம் போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடிச் சில்லின் ஒரு ஓரம் முழுக்கப் போய், அடுத்த ஓரத்துக்குத் திரும்பியது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, கோணலாக முளைக்கும் என்று அன்று எதற்குச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ராகம் நின்றது.

"மணி, வந்து பார்," என்றார்.

உருண்டையாக, கெட்டி ஓட்டோடு, நூல் நுனியில் மூன்று சேர்ந்து உட்கார்ந்திருந்தன.

லாஹிரி தம் கையால் முடிவை எழுதி, தாமே மாடியேறி அறுவைப் பிரிவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். இந்த முறை சிரித்தார்களா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஹரிபதாவின் பெயரை அடித்துவிட்டார்கள், அதுதான் வேண்டியது. பழுப்புக் கஞ்சியின் காரணத்தை லாஹிரியிடம் சொல்லியாகவேண்டும் என்பதால் சொன்னேன். நெடுநேரம் குல்லாயைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். "எனக்கு வயிற்றுவலின்னு சொல்லி வாங்கின கஞ்சி," என்றார் கடைசியில். "அதுல ஒரு கோப்பையாவது எனக்குத் தந்திருக்கலாம்."

ஹரிபதாவின் டெட்ராசைக்ளினை நிறுத்தினோம். சிறுநீரில் சர்க்கரை பார்த்தோம், இல்லை. நகக்கண்ணில் காலையும் மாலையும் ஜென்ஷியன் வயலட், இரவில் நிஸ்டாடின் களிம்பு. எல்லாவற்றையும்விட முக்கியமான மருந்து, கை ஈரமாகக் கூடாது. நகத்துக்கும் சதைக்கும் நடுவே பிரிந்த வாசல் மூடும்வரை, அதாவது மாதக்கணக்கில், தண்ணீரில் கை வைக்காதீர்கள் என்று விரிவாகச் சொன்னேன். உள்ளே பருத்தி உறை, வெளியே ரப்பர் உறை என்று இரண்டு கையுறைகளையும் படம் வரைந்து காட்டினேன். மனிதர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ரப்பர் உறை போட்டுச் சானா பிசைவது, கம்பளிக்கு மேலே கை வைத்து நாடி பார்ப்பது மாதிரி என்றார்.

ஊதா விரல்களைப் பார்த்துக் கடைக்காரர் மறுபடி பயந்தார். ஆஸ்பத்திரிச் சான்றிதழைக் காட்டியபிறகு, பிசைகிற வேலையை வேறொருவருக்குக் கொடுத்து, ஹரிபதாவை அடுப்பில் நிறுத்தினார். மரத்துடுப்பால் சானாவையும் வெல்லத்தையும் பாகாகக் கிண்டுகிற வேலை, சூடுண்டு, ஈரமில்லை. கோடை வருவதற்குள் வீக்கம் வடிந்து, நகங்கள் அடியிலிருந்து வழவழப்பாக வளர்ந்தன. கோணல் இல்லை. லாஹிரி ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்து, "சமோத்கார்" சொல்லாமல் விட்டார். என் வேலைக்காலத்தின் முழு வெற்றி என்று அதை நான் குறித்துக்கொண்டேன்.

அடுத்த மார்கழியில் ஹரிபதா மறுபடி பிசையப் போய்விட்டார்.

மாசி முடிவில் ஆய்வகத்துக்கு வந்தார், மூன்று விரல் வீங்கி. நான் என் பிரசங்கத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பொறுமையாக முடிக்கவிட்டார். அடுப்பில் நிற்கிறவன் கூலிக்காரன், பிசைகிறவன் காரிகர் என்றார். நகம் இருக்கிறது, மருந்து என்ன என்றும் தெரிகிறது, குளிர்காலம் பிசைகிறேன், வெயில் காலம் ஊதா பூசிக்கொண்டு துடுப்புப் பிடிக்கிறேன், இதில் உங்களுக்கு என்ன கஷ்டம் பாபு? நடைமுறைப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு இடமே விடவில்லை.

அப்படியே வருஷங்கள் போயின. ஊதா போய் க்ளோட்ரிமசோல் வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவர் அவர்தான். ஒவ்வொரு தையிலும் சானாவும் அந்த வெல்லமும் சேர்ந்த நொலேன்குடு சந்தேஷ் ஒரு பெட்டி எங்கள் வீட்டுக்கு வரும். தம் நகம் தப்பிய கதை முழுதும் தெரிந்தபிறகு "பௌதிக்கு", அதாவது அண்ணிக்கு, என்று ஜயாவிடம்தான் தருவார். என்னை ஒரு பார்வை பார்ப்பதோடு சரி.

சானா பாகில் வேகும்போது எந்த ஈஸ்ட்டும் பிழைக்காது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். வெந்தபிறகுதான் அதைக் கையில் எடுத்து, விரல்களால் உருட்டி, நகக்கண்ணால் ஓரம் திருத்துவார்கள். அதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பெட்டி வந்த அன்று நான் முதல் ஆளாகக் கை நீட்டினேன், ஒவ்வொரு வருஷமும்.